செவ்னெத் இருக்காரு

செவ்னெத் அடுக்னா இறந்த பிறகு பதினோரு மாதம் அவரை உயிரோடு வைத்திருந்தவன் நான்தான். மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. கையில் ஒரு நீல மசிப் பேனாவும் ஒரு பதிவேடும் இருந்தன. அரசாங்கச் சம்பளக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கோஜ்ஜாம் மலைமேல் இருக்கிற இந்த ஊருக்கு நான் விவசாய வளர்ச்சிப் பணியாளராக வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவ்வளவு நீளமான பதவி ஊர்க்காரர்கள் வாயில் நுழையவில்லை. வெட்டிக் குறுக்கி ‘வளர்ச்சி’ ஆக்கிவிட்டார்கள். “வளர்ச்சிக்கு வயித்துப்போக்காம், இன்னிக்கு வராது.” “வளர்ச்சி பாதி வழில பஞ்சராகி நிக்குது.” என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, உட்கார்ந்து காபி குடிக்கச் சொல்வார்கள். நானும் குடிப்பேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லையே.

இங்கே எண்ணூறு குடும்பங்கள். அதில் பன்னிரண்டு பேர் மாதிரி விவசாயிகள். புது விதை வந்தால் முதலில் அவர்களுக்கு. உரம் வந்தால் அவர்களுக்கு. டவுனிலிருந்து அதிகாரி வந்தால் அவர்கள் வயலுக்கு. ஒவ்வொருவரைச் சுற்றியும் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. மாதிரி விவசாயிக்கு ஊற்றினால் குழுவுக்கு வழியும், குழுவிலிருந்து ஊருக்கு வழியும் என்பது மேலிடத்துக் கணக்கு. ஆறு வருஷத்தில் வழிந்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயலும் சாலையை ஒட்டியவை. என் மோட்டார் சைக்கிளுக்கு மாதம் தரும் பெட்ரோல் பதினைந்தாம் தேதியோடு தீர்ந்துவிடும், ஜீப்பில் வருகிறவர்களுக்குச் சகதியில் இறங்கப் பிடிக்காது. மலைக்குப் பின்னால் இருக்கும் முந்நூறு குடும்பங்களில் பாதிப் பேருக்கு என் முகமே தெரியாது. அவர்களையும் சேர்த்துக் காட்டித்தான் எனக்குச் சம்பளம் வருகிறது.

செவ்னெத்தின் வயல் சாலை வளைவில் இருந்தது. அவர் பேர் எழுதிய தகரப் பலகை முதன்முதலாகக் கண்ணில் படும் இடம். கயிறு கட்டிப் பிடித்தது போல நேராக மக்காச்சோளம் நடுவார். அதிகம் பேச மாட்டார். ஒருமுறை மேலதிகாரி ஒருவர், “இந்த விளைச்சலோட ரகசியம் என்ன?” என்று கேட்டபோது, “சாலை,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதிகாரி அதை ஏதோ தத்துவம் என்று நினைத்து எழுதிக்கொண்டார்.

சோளம் அறுத்துக் களம் சேர்த்த மறுவாரம் அவருக்கு நெஞ்சு வலித்தது. கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் அடக்கத்துக்குப் போனேன், துக்க வீட்டில் அவித்த கோதுமையை எல்லாரோடும் அள்ளித் தின்றேன். குருமார்கள் அவரை ‘வொல்தெ மிக்காயேல்’ என்று சொல்லிப் புதைத்தார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் அது. ஆண்டவர் முன்னால் அந்தப் பேர்தான் செல்லும். செவ்னெத் என்பது ஊருக்கும் சந்தைக்கும் என் பதிவேட்டுக்கும் உரிய பேர்.

பத்தாம் நாள் மாத அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. போன மாதத்துத் தாளைப் பார்த்து அப்படியே எழுதினேன். மாதிரி விவசாயிகள், பன்னிரண்டு. ஏமாற்ற வேண்டும் என்று ஒன்றும் நினைக்கவில்லை. சோம்பல். பதினொன்று என்று எழுதினால் எதற்குக் குறைந்தது என்று இன்னொரு தாள் எழுத வேண்டும், பதிலுக்கு ஒருவரைத் தேட வேண்டும். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். விதை மட்டும் அந்த அடுத்த மாதத்துக்காகக் காத்திருக்கவில்லை. செவ்னெத் பேரில் இரண்டு மூட்டை வந்து இறங்கியது.

அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். ஊரில் எல்லாரும் அவரை எத்தாகென் என்பார்கள். நாற்பது வயதிருக்கும். கறுப்புத் துணி உடுத்தி, அடுப்பில் காபிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“உங்களாலயா, ஆண்டவனாலயா?”

“என்னாலதான். அண்ணன் பேரை நான் இன்னும் எடுக்கலை. அவர் பேர்ல வெதை வந்திருக்கு.”

கொட்டையைக் கிளறுவதை அவர் நிறுத்தவில்லை. “எடுத்தா என்ன ஆகும்?”

“வயல் பட்டியல்ல இருந்து போயிடும். நீங்க பொம்பளைங்க பட்டியலுக்கு வருவீங்க.”

“அதுல என்ன தருவாங்க?”

“கோழி. கொஞ்சம் முட்டைகோஸ் வெதை.”

அடக்கத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “நாலு ஏர் நெலத்துல கோழியா மேய்க்கச் சொல்றாங்க?”

விஷயம் என்னவென்றால், எங்கள் மொழியில் விவசாயி என்றால் ஏர் பிடிக்கிறவர். பெண் நுகத்தைத் தொட்டால் மழை நின்றுவிடும், ஆலங்கட்டி விழும் என்பார்கள். களை எடுக்கலாம், எரு சுமக்கலாம், அறுக்கலாம், போரடிக்க மாடு ஓட்டலாம், அடுத்த வருஷத்து விதையைப் புகையில் கட்டிக் காக்கலாம். அதற்கெல்லாம் மழைக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் விவசாயி என்ற சொல் மட்டும் கிடைக்காது, அந்தச் சொல்லுக்கு மீசை உண்டு. செவ்னெத்தின் வயலில் பாதி வேலை எத்தாகென் செய்தது என்பது எனக்குத் தெரியும். எந்த வரிசைக்கு எவ்வளவு உரம் என்று நான் கற்றுக்கொடுத்தபோது செவ்னெத் தலையாட்டினார், அளந்து போட்டவர் இவர்.

பட்டியலில் செவ்னெத் இருந்தால், மாதிரி வயல் என்பதால் பயிற்சி என்று சொல்லிக் குழுவே வந்து உழுதுவிடும். விதையும் உரமும் முதல் மழைக்கு முன்னால் வரும். விளைவது முழுக்க வீட்டுக்கு. செவ்னெத் இல்லையென்றால் உழ ஆளில்லை, நிலத்தைப் பாதிக்குப் பாதி பங்குக்கு விட வேண்டும். மகள் டவுனில் அறை எடுத்துப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பாதி விளைச்சலில் அந்த அறை நிற்காது. எத்தாகென் இதையெல்லாம் எனக்கு விளக்கவில்லை. கொட்டையைத் தட்டில் கொட்டி, புகையைக் கையால் என் பக்கம் தள்ளிவிட்டு, ஒன்றுதான் சொன்னார்.

“பேர் இருக்கட்டும் தம்பி. பேருக்கு நான் சோறா போடப்போறேன்?”

சோறு போடவேண்டியிருக்கும் என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் இறந்தவர் பேரை வெறுமனே சொல்ல மாட்டார்கள். சொன்னால் அதோடு சேர்த்து “ஆண்டவர் மன்னிக்கட்டும்” என்று சொல்ல வேண்டும். சொன்னவர் மறந்தால் கேட்டவர் சொல்வார். சண்டைக்கு நடுவில் சொல்வார்கள், சிரிப்புக்கு நடுவில் சொல்வார்கள். நாக்கு தானாகச் சொல்லும், அறிவைக் கேட்டுக்கொண்டு சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அது பேரைச் சொன்னதாக ஆகாது, ஆளைக் கூப்பிட்டதாக ஆகும் என்பார்கள்.

என் பயிற்சிக் கூடத்தில் மாதாமாதம் பேர் கூப்பிடுவேன். தகரக் கூரை, நான்கு நீள பெஞ்சு. பின் பெஞ்சில் டவுனிலிருந்து வந்த மேற்பார்வையாளர், கைநிறைய வறுத்த பார்லியை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால் முன்கூட்டியே எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். பேரைக் கூப்பிடும்போது யாரும் மன்னிக்கட்டும் என்று சொல்லிவிடக் கூடாது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். செவ்னெத் வயலில் பயிற்சி நடந்தால்தான் குழுவுக்கும் உரத்தில் பங்கு. செவ்னெத்தின் தம்பி அயெனெவ்தான் குழுத் தலைவர்.

“வாயைத் தைச்சுக்கிறோம் வளர்ச்சி,” என்றார் அயெனெவ். “எங்கண்ணன் உயிரோட இருந்தப்பவே எங்களுக்கு அவ்வளவு பிரயோஜனம் இல்லை.”

முதல் தடவை கூப்பிட்டேன். “செவ்னெத் அடுக்னா.”

பெஞ்சில் ஐந்து உதடுகள் அசைந்தன. அயெனெவ் பக்கத்து ஆளின் காலை மிதித்தார். என் நாக்கின் நுனி வரை வந்ததை நான் பல்லால் கடித்தேன். அப்போது கதவோரம் நின்றிருந்த எத்தாகென் தெளிவாகச் சொன்னார்.

“இருக்காரு.”

“எங்க?” என்றார் மேற்பார்வையாளர்.

“வயல்ல.”

“பாருங்கய்யா, கூட்டத்துக்குக்கூட வராம வேலை பாக்குற ஆளு. இவன்தான் விவசாயி,” என்று சொல்லி அவர் இன்னொரு பிடி பார்லியை வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் செவ்னெத் சந்தையில் இருந்தார். அதற்கடுத்த மாதம் துக்க வீட்டுக்குப் போயிருந்தார். சொல்லும்போது எத்தாகென் கண் இமைக்க மாட்டார். பயிற்சித் தாளில் செவ்னெத்தின் கைநாட்டு வேண்டும். அதையும் தன் கட்டைவிரலை மசியில் அழுத்தி அவரே வைத்தார். முதல் மழைக்கு முன்னால் வயல் உழப்பட்டது, விதை விழுந்தது, முழங்கால் உயரத்துக்குப் பயிர் வந்தது. இந்த ஆறு வருஷத்தில் அரசாங்கம் கொடுத்த ஒரு பொருள், உண்மையிலேயே நிலத்தில் பாடுபடுகிற ஒருவர் கைக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது இந்தப் பொய்யில்தான். இதை யோசித்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான்காவது மாதமோ ஐந்தாவது மாதமோ, கைநாட்டு வைத்துவிட்டு விரலைச் சாம்பலில் தேய்த்துக்கொண்டே எத்தாகென் கேட்டார்.

“தம்பி, கொஞ்சம் மெல்லமாக் கூப்பிடக் கூடாதா?”

“எதை அக்கா?”

“பேரைத்தான். ஓங்கிக் கூப்பிடுறீங்க. அவருக்குக் கேக்குது.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நிறுத்தவில்லை.

“நீங்க கூப்பிட்ட அன்னிக்கெல்லாம் வர்றார். விடியக்காலைல வரப்புல நிக்கிறார். கோவம் ஒண்ணும் இல்லை. கூப்பிட்டீங்களே, என்னனு கேக்குற மாதிரி நிக்கிறார். போங்கனு நான் எப்படிச் சொல்லுவேன்? போகச் சொல்றதுக்கு ஒரு வார்த்தைதானே இருக்கு, அதைத்தானே நாம சொல்லாம வச்சிருக்கோம்?”

“வீட்டுல தனியாச் சொல்லுங்களேன் அக்கா.”

“சொல்லாம இருப்பேனா? நான் ஒருத்தி சொல்றேன், நீங்க நாப்பது பேர் முன்னால கூப்பிடுறீங்க. எது பெருசாக் கேக்கும்?” சாம்பலைத் தட்டிவிட்டு எழுந்தார். “வொல்தெ மிக்காயேல் போய்ச் சேர்ந்துட்டார். அவருக்குப் பூசை ஆச்சு, நாப்பதாம் நாள் சோறு ஆச்சு. இந்த செவ்னெத்துதான் உங்க நோட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல நின்னுகிட்டிருக்கார்.”

“பேரை எடுத்துடவா?”

அவர் கதவு வரை போனார். வெளியே சாலையில் கழுதைகள் போய்க்கொண்டிருந்தன.

“கதிர் வரட்டும்,” என்றார்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கல்லூரியில் மண் படித்தவன். ஆனாலும் அதற்குப் பிறகு அந்தப் பேரை மெல்லக் கூப்பிட ஆரம்பித்தேன். அந்தப் பேருக்கு முந்தைய பேரை வேகமாகச் சொல்வேன், இதை விழுங்கிச் சொல்வேன், அடுத்ததற்குத் தாவுவேன். எட்டாவது மாதம், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு காலையில், “செவ்னெத்” என்று சொல்லி முடித்ததும் எத்தாகென் “இருக்காரு” என்றார். அதற்கடியில் இன்னொரு குரல், ஆண் குரல், தொண்டையைச் செருமியது. கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்கள் செருமுவது போல. நான் கதவைப் பார்த்தேன். அயெனெவும் பார்த்தார். பெஞ்சில் இருந்த எல்லாருமே ஒரே நேரத்தில் கதவைப் பார்த்தார்கள். அங்கே எத்தாகென் மட்டும் நின்றுகொண்டிருந்தார். எதைப் பார்க்கிறீர்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நான் ஒன்பதாவது பேரைக் கூப்பிட்டேன்.

கதிர் வந்தது. அந்தச் சாலையில் அப்படி ஒரு மக்காச்சோளத்தை நான் பார்த்ததில்லை. அறுப்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது டவுன் அலுவலகத் தலைவர் போன் செய்தார்.

“வயல் விழா நடத்துறோம். மாகாணத்துல இருந்து பெரியவங்க வர்றாங்க. உன் பன்னெண்டு பேருக்கும் மேடைல பதக்கம், மருந்தடிக்கிற பம்பு. செவ்னெத் வயல்தான் முதல்ல. ஆளை நல்ல துணி போட்டு நிக்கச் சொல்லு.”

“ஐயா, அவர் கொஞ்சம் கூச்ச சுபாவம்.”

“கூச்சத்தை வீட்டுல வச்சுட்டு வரச் சொல்லு.”

அன்று சாயங்காலமே நானும் அயெனெவும் போய் எத்தாகென் வீட்டில் உட்கார்ந்தோம். அயெனெவ் முகச்சாயலில் அண்ணன்தான். அவரே சொன்னார்.

“அண்ணி, ஒரே ஒரு நாள். போய் நிப்பேன், கை குடுப்பேன், பம்பை வாங்கிட்டு இறங்கி வந்து பழையபடி அயெனெவ் ஆயிடுவேன்.”

“இறங்கி வர வழி தெரியுமா?” என்றார் எத்தாகென். “உங்கண்ணனுக்கே தெரியலையே.”

அயெனெவ் தெல்லாக் குவளையைக் கீழே வைத்துவிட்டார். வீட்டில் வடித்த அந்த பீர் அவருக்கு உயிர், அன்று முழுசாகக் குடிக்கவில்லை.

“நீங்க வேணாம்னா வேணாம் அண்ணி.”

எத்தாகென் உள்ளே போய் ஒரு பழுப்புக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பதாம் நாளில் ஏழைக்குக் கொடுத்திருக்க வேண்டிய கோட்டு. ஆள் பட்டியலில் இருக்கும்போது அவர் துணியை எப்படித் தானம் கொடுப்பது என்று வைத்திருந்தாராம். “மார்ல இறுக்குனா மேல் பொத்தானைக் கழட்டிக்கோங்க. அவர் அப்படித்தான் போடுவார்,” என்றார்.

மறுபடியும் ஊர் முழுக்கப் போய்ச் சொன்னேன். பேரைக் கேட்டதும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கோயிலுக்குப் போய்க் குருவிடமும் சொன்னேன். வயதான மனிதர், கொஞ்சம் குறும்புக்காரர். “நான் வொல்தெ மிக்காயேலைப் புதைச்சேன். செவ்னெத்துனு யாரையும் புதைக்கலையே. எனக்கு என்ன ஆட்சேபணை?” என்றார். சிரித்துவிட்டு, உடனே சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

விழா நாளில் ஏழு வெள்ளை வண்டிகள் வந்தன. சாலையோரம் வெள்ளைக் கூடாரம், ஒலிபெருக்கி, இரண்டு மாடு அறுத்துப் பச்சைக் கறியும் இஞ்சேரா ரொட்டியும். சாப்பாட்டுக் கூடாரத்தில் நான் எண்ணிப் பார்த்தேன். அறுபத்துமூன்று பேர், அதில் ஏர் பிடிக்கிறவர் மூன்று பேர். மற்ற ஊர்க்காரர்கள் வெயிலில், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். மலைக்குப் பின்னால் இருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். விழா என்றதும் ஏதாவது கொடுப்பார்கள் என்று வந்தவர்கள்.

மாகாணத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு பெண். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வயலுக்குள் நடந்தார், கதிரைத் தொட்டுப் பார்த்தார், வரிசையின் நேரைக் குனிந்து பார்த்தார். “யாரு நட்டது? கையை முத்தமிடணும்,” என்றார். உண்மையில் ரசித்துத்தான் சொன்னார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எத்தாகென் தன் கைகளைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார்.

பிறகு மேடை. ஊர்ப் பேர்களெல்லாம் தன் வாயில் நுழையாது என்று சொல்லித் தலைவர் ஒலிபெருக்கியை என் கையில் திணித்தார். ஒவ்வொருவராகப் படித்தேன். வந்தார்கள், கை கொடுத்தார்கள், பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். எட்டாவது பேருக்கு முன்னால் நிமிர்ந்து பார்த்தேன். முன் வரிசையில் பழுப்புக் கோட்டு, மேல் பொத்தான் திறந்திருந்தது. பக்கவாட்டு வெயிலில் அது அயெனெவ் இல்லை. செவ்னெத் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிடத்தானே போகிறாய், கூப்பிடு என்பது போல உட்கார்ந்திருந்தார்.

“செவ்னெத் அடுக்னா,” என்றேன். “ஆண்டவர் மன்னிக்கட்டும்.”

நான்தான் சொன்னேன். ஊரெல்லாம் அலைந்து எண்ணூறு வீட்டு வாயைத் தைத்த நானே, ஒலிபெருக்கியில், மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி சொன்னேன். பதினோரு மாதம் பல்லுக்குள் அடக்கிய வார்த்தை அது.

அயெனெவ் பாதி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூட்டத்தில் எங்கோ ஒரு கிழவி, “மன்னிக்கட்டும்,” என்றாள். பக்கத்தில் ஒருவர். அப்புறம் கயிறு நெடுக, வெயிலில் நின்ற அத்தனை பேரும் தலைகுனிந்து சொன்னார்கள். மன்னிக்கட்டும், மன்னிக்கட்டும் என்று அது சோளத்துக்குள் காற்று போவது போலப் போனது. மேடையில் மாகாண அதிகாரியும் தலையைக் குனிந்து, “மன்னிக்கட்டும்,” என்று சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையில் பிடித்திருந்த பதக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எப்ப?” என்று மட்டும் கேட்டார்.

“பதினோரு மாசம் ஆச்சு.”

அயெனெவ் கோட்டைக் கழற்றி மடித்துப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனார். எத்தாகென் தரையில் உட்கார்ந்து, அடக்கத்தன்று அழுததைப் போல, மார்பில் அடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். தலைவர் என் கையிலிருந்து ஒலிபெருக்கியைப் பிடுங்கி ஒன்பதாவது பேரைத் தப்பும் தவறுமாகப் படித்தார். விழா நடந்து முடிந்தது. ஒரு பம்பும் ஒரு பதக்கமும் வண்டியிலேயே திரும்பிப் போயின.

மூன்றாம் நாள் எத்தாகென் பயிற்சிக் கூடத்துக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று எழுந்து நின்றேன்.

“வரலை தம்பி,” என்றார். “மூணு விடியலாப் பாக்குறேன். வரப்பு வெறும் வரப்பா இருக்கு.”

“நல்லதுதானே அக்கா?”

“நல்லதுதான். அவருக்கு நல்லது.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு இப்பத்தான் புருஷன் செத்தான்.”

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, அதற்கு அவர் வந்திருக்கவும் இல்லை.

நின்ற சோளம் அவருக்கே வந்தது, அது மட்டும்தான். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், வேலை போகவில்லை. செவ்னெத் பேரை டவுனில் சிவப்பு மையால் அடித்தார்கள். பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருக்க வேண்டும் என்பதால் பதிலுக்கு அயெனெவ். பக்கத்து வயல், அதே சாலை. தகரப் பலகையில் பேரை மட்டும் மாற்றி எழுதினார்கள். அடுத்த பருவத்து விதையும் உரமும் முதல் மழைக்கு முன்னால் அவருக்கு வந்தன. அண்ணியின் நிலத்தையும் அவரே உழுதார், பாதிக்குப் பாதி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், மற்றவர்கள் கேட்டதைவிட நியாயமான பங்குதான் அவர் கேட்டது. மகள் டவுன் அறையைக் காலி செய்து, புத்தகங்களை ஒரு அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

எத்தாகென் பெண்கள் பட்டியலுக்கு வந்தார். இந்தத் தடவை எழுத்துப் பிழைகூட இருக்கக் கூடாது என்று டவுனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நிலப் பத்திரத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே பேர் எழுதவேண்டும். அவர் நிலப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். கணவன் மனைவி இரண்டு பேர் படமும் ஒட்டியிருந்தது. படத்துக்குக் கீழே எத்தாகென் என்று இல்லை. எத்தாகென் என்பது கல்யாணமாகி வந்த அன்று மாமியார் வைத்த பேர். எங்கள் பக்கம் மருமகளுக்கு அப்படி ஒரு புதுப் பேர் வைப்பார்கள். பிறந்த வீட்டில் வைத்த பேர் ‘யம்ரோத் கஸ்ஸே’ என்று பத்திரத்தில் இருந்தது. பிறந்த ஊர் இரண்டு நாள் நடை. அப்பா அம்மா இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பேரால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

கோழிகள் வந்த அன்று கூடத்தில் பதினான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூங்கில் கூடைகளில் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. எத்தாகென் முதல் பெஞ்சில், எனக்கு நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில் இருந்தார். நான் பேர்களைப் படித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொருவரும் எழுந்து கைநாட்டு வைத்து, ஐந்து கோழி வாங்கிக்கொண்டார்கள்.

“யம்ரோத் கஸ்ஸே,” என்றேன்.

யாரும் எழவில்லை. அவருக்குப் புரியட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். எத்தாகென் கழுத்தைத் திருப்பிப் பின் பெஞ்சுகளைப் பார்த்தார். கதவு வரை பார்த்தார். பக்கத்தில் இருந்தவளிடம், “யாரு அது? மலைக்கு அந்தப் பக்கத்து ஆளா?” என்று கேட்டார். அவளுக்கும் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். எனக்கு உதவுகிற மாதிரி, அன்பாகத்தான் சொன்னார்.

“அப்படி யாரும் இங்க இல்லை தம்பி. அடுத்த பேரைக் கூப்பிடுங்க, வெயில் ஏறுது.”